தொட்டியின் அடியில் நிற்கும் தண்ணீர்

பால்கனியில் முதல்முதலாகச் செடி வைப்பவர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "தொட்டிக்கு அடியில் ஒரு கை ஜல்லி போடு, தண்ணீர் நன்றாக வடியும்." நானும் அப்படித்தான் கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேல்மண் பொலபொலவென்று காய்ந்திருந்தது. அடியில் சேறு, அழுகல் வாடை. கருத்துப்போன வேர்களைத் தொட்டதும் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஜல்லி கீழேயே இருந்தது. அதற்கு மேலே ஊறிப்போன மண்.

ஏன் இப்படி? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்று போதும், புரிந்துவிடும். அதை நன்றாக நனைத்துக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டச் சொட்ட வடிந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இப்போது பிழியாமல், நீளவாட்டில் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும்! ஸ்பாஞ்சும் அதேதான், துளைகளும் அதேதான். உயரம் மட்டும்தான் மாறியது.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விசைதான் மண்ணின் இடுக்குகளிலும் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. மேலே நிற்கும் நீரின் எடை போதுமான அளவு அழுத்தும்வரைதான் ஓட்டை வழியாக வடியும். அப்புறம் பிடிப்பும் இழுப்பும் சமமாகிவிடும். அடியில் ஒரு அடுக்கு முழுக்க ஊறியபடியே நிற்கும். எத்தனை ஓட்டை போட்டாலும் அது போகாது.

அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் துகள் அளவுதான், தொட்டியின் உயரம் இல்லை. ஒரு கலவையில் அது 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குலத் தொட்டியில் பாதி சேறாகிவிடும். 12 அங்குலத் தொட்டியில் ஆறில் ஒரு பங்குதான். நிலத்தில் அருமையாக விளையும் களிமண், தொட்டிக்கு வந்ததும் கெட்டுப்போவதும் இதனால்தான். துகள் நுண்ணியதாக இருந்தால் ஊறிய அடுக்கு உயர்ந்துவிடும்.

சரி, ஜல்லி? மண்ணின் சிறிய இடுக்கில் பிடிபட்ட தண்ணீர், ஜல்லிகளுக்கு நடுவே இருக்கும் பெரிய இடைவெளிக்குச் சுலபமாக இறங்காது. மேலே உள்ள மண் நன்றாக ஊறிய பிறகுதான் இறங்கும். ஆக, ஊறிய அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேருக்கு மிஞ்சும் இடம் இன்னும் குறைகிறது. மண் வெளியே போகாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரு துண்டு வலை வைத்தாலே போதும்.

வேருக்கும் மூச்சு வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். நாம் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுவோம். தொட்டிச் செடிகள் பல இப்படி நம் அன்பாலேயே சாகின்றன. செடி வாடியிருந்தால் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் ஊற்ற வேண்டாம்.

கலவையில்தான் காரியம் இருக்கிறது. செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலப்பது நல்ல தொடக்கம். நார்க்கழிவு கட்டியாக விற்கும். ஊறவைத்தால் பல மடங்கு உப்பும். அதில் உப்புத்தன்மை இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து சேருங்கள். தூளாக இருப்பதைவிட நார்த் துண்டுகள் கலந்திருப்பது நல்லது. வடிகாலுக்கென்று நைஸ் மணலைக் கொட்டாதீர்கள், அது இடுக்குகளை அடைத்துவிடும். கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 12 அங்குலமாவது வேண்டும்.

ஏற்கெனவே வைத்த செடியை இப்போது மாற்ற முடியாதா? தண்ணீர் ஊற்றி, சொட்டு நின்றதும், ஓட்டை தாழ்வான பக்கத்தில் இருக்கும்படி தொட்டியைச் சாய்த்துப் பிடியுங்கள். நிமிர்த்திய ஸ்பாஞ்சைப் போல அதிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் வடியும். இப்போது வைத்திருக்கும் கறிவேப்பிலைக்கு மழைக்காலம் முழுக்க இதைத்தான் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் அரை டம்ளராவது வெளியே வருகிறது.