நியூயார்க்கில் ஃப்ரெஞ்ச் டோஸ்ட்: ஆர்டர் கொடுக்கும் முன் பிரெட்டைப் பற்றிக் கேளுங்கள்

நியூயார்க்கில் வார இறுதியில் பிரஞ்ச், அதாவது காலை உணவும் மதிய உணவும் சேர்ந்த வேளைச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கடையைப் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முட்டை, பால் கலவையில் பிரெட்டை ஊறவைத்துச் சுடும் ஃப்ரெஞ்ச் டோஸ்ட்டைப் பொறுத்தவரை படத்தால் ஒரு பயனும் இல்லை. ஸ்ட்ராபெரியும் அடித்த கிரீமும் ஐசிங் சர்க்கரையும் மேலே குவிந்திருந்தால், அடியில் இருப்பது நடுவில் வேகாத பிரெட்டா, காய்ந்த பிரெட்டா என்று யாருக்கும் தெரியாது. உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் கேளுங்கள்: என்ன பிரெட், எவ்வளவு தடிமன்? யோசிக்காமல் பதில் வந்தால் அந்தச் சமையலறை இந்தப் பண்டத்தை மதிக்கிறது. "சாதாரண பிரெட்தான்" என்றால் முட்டை ஆம்லெட்டுக்கு மாறிவிடுவது நல்லது.

இந்த ஊரில் பேசத் தகுந்த பிரெட் இரண்டு. ஒன்று ஹாலா, யூதர்கள் தங்கள் வார ஓய்வு நாளான சபாத்துக்காகச் செய்யும் பின்னல் ரொட்டி. முட்டையும் எண்ணெயும் சேரும்; இறைச்சியுடன் பால் பொருளைச் சாப்பிடக் கூடாது என்ற கோஷர் (யூத உணவு) விதியால் வழக்கமாக வெண்ணெய், பால் சேராது. மற்றொன்று பிரியோஷ். மாவின் எடையில் பாதி அளவுக்குக்கூட வெண்ணெய் சேரும் பிரெஞ்சு ரொட்டி. ஹாலா ஊறினாலும் நார்நாராக உருவம் குலையாமல் நிற்கும். பிரியோஷ் வாயில் கரையும், ஆனால் அரை நிமிடம் கூடுதலாக ஊறினாலும் கூழாகிவிடும். எங்களைக் கேட்டால் ஹாலாவுக்குத்தான் ஓட்டு. வெள்ளிக்கிழமை சுட்ட ஹாலா ஞாயிறு காலைக்குள் சரியான பக்குவத்துக்கு வந்திருக்கும். வசந்த காலத்தில் வரும் யூதப் பண்டிகையான பாஸோவர் நாட்களில் மட்டும் கோஷர் கடைகளில் புளித்த மாவு ரொட்டியே இருக்காது. அப்போது கிடைப்பது மாட்ஸோ என்ற புளிக்காத தட்டை ரொட்டியை ஊறவைத்து முட்டையில் புரட்டும் மாட்ஸோ பிரை, அதுவும் மோசமில்லை.

நல்லதைக் கண்டுபிடிக்க அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் நான்கு துண்டு ஹாலாவுக்கு மூன்று முட்டை, 240 மில்லி கொழுப்பு நீக்காத பால், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் ஊற வேண்டும். பிறகு மிதமான சூட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். தடித்த துண்டானால் அதன்பின் 180 டிகிரி செல்சியஸ் அவனில் (பேக்கரி அடுப்பு) ஆறேழு நிமிடம். பல கடைகள் சறுக்குவது இந்தக் கடைசிப் படியில்தான். அவனைத் தவிர்த்துக் கல்லின் சூட்டை ஏற்றுவார்கள். மேல்புறம் கருகும், நடுவில் பச்சை முட்டை ஒழுகும்.

வெட்டிப் பார்த்தால் மற்ற தவறுகளும் தெரியும். நடுவில் வெள்ளையாக, உலர்ந்த பட்டை ஓடினால் பிரெட் ஊறவே இல்லை, முக்கி எடுத்திருக்கிறார்கள். விளிம்பில் ஆம்லெட் போல வெள்ளைத் தோல் தொங்கினால் முட்டையின் வெள்ளைக்கரு சரியாக அடிபடவில்லை, அல்லது பாலுக்கு முட்டை அதிகம். தட்டில் தண்ணீர் கசிந்து துண்டு தளர்ந்து உட்கார்ந்தால் அன்றைய புது பிரெட். "பழைய பிரெட்தான் போட்டோம்" என்று கடைக்காரர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பிரெட் இறுகுவதற்கு அதன் மாவுச்சத்து மீண்டும் படிகமாவது ஒரு காரணம்; ஈரம் அப்படியே உள்ளேயே இருக்கும். பையில் கட்டி வைத்த பழைய பிரெட்டும் இதனால்தான் கலவையை உறிஞ்சத் திணறுகிறது. துண்டுகளை 150 டிகிரி அவனில் பத்துப் பதினைந்து நிமிடம் உலர்த்தும் கடையில் இந்தச் சிக்கல் வராது. கசப்பு தட்டினால் வெண்ணெய் கருகியிருக்கிறது. நெய் போட்டிருந்தால் தப்பியிருக்கும்.

நேரமும் முக்கியம். ஞாயிறு பதினொன்றிலிருந்து ஒன்றுவரை கூட்டம் அலைமோதும். அந்த நேரத்தில் சில கடைகள் முன்கூட்டியே சுட்டு அடுக்கிவைத்துச் சூடுபடுத்தித் தரும். மேல்தோல் ரப்பராக இழுக்கும். கடை திறந்த அரை மணி நேரத்துக்குள் போய்விடுங்கள்.

எங்கே போகலாம்? ஸோஹோவில் ஸ்பிரிங் தெருவில் உள்ள பால்தஸார், பிரியோஷ் வகைக்கு. ஆர்ச்சர்ட் தெருவின் ரஸ் அண்ட் டாட்டர்ஸ் கஃபே, பாப்கா என்ற சாக்லேட் சுருள் ரொட்டியில் செய்வதற்குப் பெயர்பெற்றது. ஸாராபெத்ஸில் தடித்த, பஞ்சு போன்ற வகை. ஈஸ்ட் பிராட்வேயில் உள்ள மலேசியக் கடையான கோப்பித்தியாமில் மைலோ என்ற சாக்லேட் மால்ட் தூளும் கண்டென்ஸ்டு மில்க்கும் தூவித் தருவார்கள். நம்மூர் பேக்கரி பாம்பே டோஸ்ட்டில் வளர்ந்த நாக்குக்கு அது சட்டென்று பிடித்துவிடும். மெனு மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே கிளம்பும் முன் அன்றைய மெனுவைப் பார்த்துவிடுங்கள். டைனர் எனப்படும் தெருமுனை எளிய உணவகங்களில் மெல்லிய துண்டுதான் கிடைக்கும். மலிவு, வயிறு நிறையும், அவ்வளவே.

முட்டை சாப்பிடும் சைவர்களும் பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களும் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பல டைனர்களில் பேக்கன் என்ற பன்றி இறைச்சியைச் சுடும் அதே கல்லில்தான் டோஸ்ட்டும் சுடுகிறார்கள், சில சமயம் அதே கொழுப்பில். "தனி வாணலியில், வெண்ணெயில் செய்து தர முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கலவையிலோ சாஸிலோ பர்பன் விஸ்கி, ஆரஞ்சு மதுபானம் சேர்ப்பதும் சகஜம். குழந்தைகளுக்கு வாங்கும்போது கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஹாலாவின் மேல் தூவும் எள்ளும் பாப்காவில் மறைந்திருக்கும் கொட்டைப் பருப்புகளும் ஆபத்து. அமெரிக்காவில் 2023 முதல் பொட்டல உணவுகளில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், ஆனால் உணவகத் தட்டில் லேபிள் இருக்காது.

முட்டை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். முட்டை சேர்ந்த உணவின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. சால்மொனெல்லா கிருமி அதற்குள் அழிந்துவிடும். கலவைப் பாத்திரம் ஐந்து டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். திறந்த சமையலறையில் அது சூடான கல்லுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைக் கண்டால் எழுந்துவிடுங்கள். கடை வாசலில் ஒட்டியிருக்கும் சுகாதாரத் துறை எழுத்தையும் பாருங்கள். 2010 முதல் நடைமுறையில் உள்ள இதில் குறைப்புள்ளிகள் 13 வரை என்றால் 'ஏ', 14 முதல் 27 வரை 'பி', அதற்கு மேல் 'சி'. பச்சை முட்டை ஒழுகும் நடுப்பகுதி வந்தால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள், அவனில் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும்.

சிரப்பிலும் கவனம் தேவை. மேசையில் கிடக்கும் பாட்டிலில் 'பான்கேக் சிரப்' என்றிருந்தால் அது நிறமூட்டிய சோளச் சர்க்கரைப் பாகு. உண்மையான மேப்பிள் சிரப் ஒரு லிட்டருக்குச் சுமார் 40 லிட்டர் மரச்சாறு வேண்டும், ஆகவே டைனர்களில் பெரும்பாலும் தனிக்காசு கேட்பார்கள். கொடுக்கலாம், இனிப்பான பிரியோஷ் டோஸ்ட்டுக்கு அடர்நிறச் சிரப் பொருந்தும். மெனுவில் 20 டாலர் என்றிருந்தால் 8.875 சதவீத வரியும் 20 சதவீத டிப்ஸும் சேர்ந்து கிட்டத்தட்ட 26 டாலர் கையை விட்டுப் போகும்.