கோடு போட்டால் ஊர்

2012 ஏப்ரலில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஓர் ஊர் ஏலத்துக்கு வந்தது. பெயர் பியூஃபர்ட். லாரமிக்கும் ஷையேனுக்கும் நடுவே, 80ஆம் எண் விரைவுச்சாலை ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. ரயில்பாதை போட்ட காலத்தில் இரண்டாயிரம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். ஏலத்தின்போது இருந்தது சுமார் பத்து ஏக்கர் நிலம், ஒரு பெட்ரோல் பங்க், அதோடு ஒட்டிய கடை, ஒரு வீடு, ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம், அப்புறம் ஒரே ஒரு ஆள். எல்லாவற்றுக்கும் அவர்தான் சொந்தக்காரர். வியட்நாம்காரர் ஒருவர் 9 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தார். காபி விற்பவர். 2013இல் தன் காபியின் பெயரையும் சேர்த்து 'ஃபின்டெலி டவுன் பியூஃபர்ட்' என்று புதுப் பெயர் வைத்தார்.

ஊரையே ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டார் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. கைமாறியது என்னவோ பத்து ஏக்கர் மனையும் அதிலிருந்த கட்டடங்களும்தான். சட்டத்தின் கணக்கில் பியூஃபர்ட் என்று ஓர் ஊர் இருந்ததே இல்லை. இருந்திருந்தால் அதை விற்றிருக்க முடியாது.

இது கொஞ்சம் விளக்கம் கேட்கும் விஷயம். அமெரிக்காவில் நாலு வீடு சேர்ந்தாலே சட்டம் அதை ஊராக எடுத்துக்கொள்ளாது. அங்கே குடியிருப்பவர்கள் மனுக் கொடுத்து, பெரும்பாலும் வாக்கெடுப்பும் நடத்தி, மாநிலச் சட்டப்படி தங்களை ஓர் ஊராகப் பதிந்துகொள்ள வேண்டும். இதைத்தான் 'இன்கார்ப்பரேட்' ஆவது என்கிறார்கள். அப்படி ஆன ஊருக்கு எல்லை உண்டு. வரி போடும் உரிமை உண்டு. வழக்குப் போடலாம், அதன்மேலும் போடலாம். ஆகாவிட்டால்? அந்த நிலமும் மக்களும் நேரடியாகக் கவுன்டியின் பொறுப்பு. கவுன்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் மாதிரி. ரோடு போடுவது கவுன்டி, காவலுக்கு வருவது கவுன்டி ஷெரீஃப். பெயர் இருக்கும், சர்ச் இருக்கும், சில இடங்களில் தபால் நிலையம்கூட இருக்கும். மேயர் மட்டும் இருக்க மாட்டார்.

இதற்கு நேரெதிரான ஓர் இடம் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கிறது. மோனோவை என்று பெயர். ஒரு காலத்தில் நூற்றுச் சொச்சம் பேர் இருந்த ஊர். விவசாயம் நொடித்து, இளையவர்கள் கிளம்பிப் போய், கடைசியில் ஒரு மூதாட்டி மட்டும் மிஞ்சினார். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1. ஆனாலும் மோனோவை முறைப்படி பதிவான ஊர். அதனால் அந்த அம்மாவே மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம். தன் மதுக்கடைக்கான உரிமத்துக்கு விண்ணப்பிப்பதும் அவர், ஊர் சார்பில் ஒப்புதல் தருவதும் அவர். சிரிப்பாக இருக்கலாம். அந்தக் காகித வேலையை விட்டுவிட்டால் மோனோவையும் இன்னொரு பியூஃபர்ட் ஆகிவிடும்.

சரி, இதில் சென்சஸ் எங்கே வருகிறது?

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்களை எண்ண வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் கட்டளை. முதல் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று தீர்மானிப்பதுதான் அடிப்படை நோக்கம். அதற்கு மாநில மொத்தம் போதும், ஊர்க்கணக்கே வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடம் எங்கே கட்டுவது, குடிநீர்க் குழாய் எங்கே போடுவது, கடை எங்கே திறப்பது என்று கேட்கிறவர்களுக்கு ஊர்வாரி எண் வேண்டும். பதிவான ஊர்களில் சிக்கல் இல்லை, சட்டமே எல்லையைக் கொடுத்துவிடுகிறது. பதிவாகாத இடத்துக்கு எல்லை எங்கே? எல்லை இல்லாவிட்டால் எதற்குள் இருப்பவர்களை எண்ணுவது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இது பெரிய தலைவலியாகிவிட்டது. நகரங்களுக்கு வெளியே புறநகர்கள் மளமளவென்று முளைத்தன. பல்லாயிரம் பேர் வாழ்கிற இடங்கள் பட்டியலிலேயே இல்லை. ஐம்பது பேர் உள்ள பழைய கிராமம் பதிவாகியிருந்ததால் பட்டியலில் இருந்தது. ஆகவே 1950 கணக்கெடுப்பில், கணக்கெடுப்பை நடத்தும் அரசு அலுவலகமான சென்சஸ் பீரோ தானே எல்லை வகுக்க ஆரம்பித்தது. குறைந்தது 1,000 பேராவது இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 1980இல் இவற்றுக்கு இன்றுள்ள பெயர் வந்தது: 'சென்சஸ் டெசிக்னேட்டட் பிளேஸ்', சுருக்கமாக சி.டி.பி. சென்சஸ் குறித்த இடம், அவ்வளவுதான் பொருள். 2000இல் குறைந்தபட்ச மக்கள்தொகை விதியையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் சின்னஞ்சிறு குடியிருப்புகளும் பட்டியலுக்குள் வந்தன. மெக்சிகோ எல்லையை ஒட்டி டெக்சஸில் 'கொலோனியா' என்று அழைக்கப்படும் குடியிருப்புகள் உண்டு. குடிநீரும் சாக்கடையும் ஒழுங்காக இல்லாத பல இடங்கள் அவற்றில் அடங்கும். அங்குள்ள நிலையை எண்ணாகச் சொல்ல இந்தப் பட்டியல்தான் வழி திறந்தது. 2010இல் நாட்டில் பதிவான ஊர்கள் சுமார் 19,500; சி.டி.பி.கள் சுமார் 9,700.

கோட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் ருசியான பகுதி.

அடியில் இருப்பது பிளாக். கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றால் நாலு பக்கமும் சூழப்பட்ட துண்டு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தெரு, ஓடை, ரயில் தண்டவாளம். நகரத்தில் நான்கு தெருக்களுக்கு நடுவே உள்ள கட்டடங்கள் ஒரு பிளாக். பாலைவனத்தில் ஒரே பிளாக் பல சதுர மைல் விரிந்து கிடக்கும். 2020இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேற்பட்ட பிளாக்குகள் இருந்தன. அவற்றில் லட்சக்கணக்கானவற்றில் ஒரு குடியும் இல்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் 15 இலக்க எண் உண்டு: முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த மூன்று கவுன்டி, அடுத்த ஆறு 'டிராக்ட்' என்ற பெரிய துண்டு, கடைசி நான்கு பிளாக்.

எண்ணும்போது உங்களை யாரும் "நீங்கள் எந்த ஊர்க்காரர்?" என்று கேட்பதில்லை. வீட்டு முகவரி எந்த பிளாக்கில் விழுகிறது என்று வரைபடத்தில் பொருத்திவிடுகிறார்கள். நீங்கள் அந்த பிளாக்கின் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். அப்புறம் எல்லாமே கூட்டல்தான். இந்த இந்த பிளாக்குகளைச் சேர்த்தால் இன்ன சி.டி.பி. என்று ஒரு பட்டியல் இருக்கும். அவற்றின் தொகைதான் அந்த இடத்தின் மக்கள்தொகை. எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிகிற சாலையையோ ஆற்றையோ ஒட்டிப் போக வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதனால்தான். ஒரு வீடு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் சந்தேகம் வரக்கூடாது.

எந்த பிளாக்குகளைச் சேர்ப்பது என்பதை வாஷிங்டனில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. கணக்கெடுப்புக்கு ஓரிரு ஆண்டு முன்பே கவுன்டி அலுவலகங்கள், வட்டாரத் திட்டக் குழுக்கள், பழங்குடி அரசுகள் ஆகியவற்றை பீரோ அழைக்கிறது. வரைபட மென்பொருளையும் கொடுக்கிறது. அவர்கள் கோடு போட்டு அனுப்புகிறார்கள், பீரோ சரிபார்க்கிறது. விதிகள் அதிகமில்லை. உள்ளூரில் வழங்குகிற பெயர் வேண்டும். வீடுகள் ஓரளவு நெருக்கமாக, ஒரு மையத்தைச் சுற்றி இருக்க வேண்டும். பதிவான ஊரின் நிலத்தையோ இன்னொரு சி.டி.பி.யின் நிலத்தையோ தொடக்கூடாது. கவுன்டி எல்லையைத் தாண்டலாம், மாநில எல்லையைத் தாண்டக்கூடாது.

பியூஃபர்ட் இதில் தேறவில்லை. ஒரு வீடும் ஒரு பெட்ரோல் பங்கும் மையம் ஆகாது. அங்கிருந்த அந்த ஒரு மனிதர் எண்ணப்படாமல் போகவில்லை. ஆல்பனி கவுன்டியின் ஏதோ ஒரு பிளாக்கில் சேர்ந்துவிட்டார். 'மக்கள்தொகை 1' என்று சாலையோரத்தில் நின்ற புகழ்பெற்ற பலகை மட்டும் சென்சஸ் கொடுத்த எண் அல்ல.

சென்சஸ் போடும் இந்தக் கோட்டுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. வரி வாங்க முடியாது, தேர்தல் நடத்த முடியாது. அடுத்த பத்தாண்டில் அழித்து வேறு விதமாகப் போடலாம். பக்கத்து நகராட்சி ஒரு பகுதியை இணைத்துக்கொண்டால் சி.டி.பி. சுருங்கும், இடமே பதிவான ஊராகிவிட்டால் சி.டி.பி. மறைந்துவிடும். ஆரிகான் மாநிலத்தின் டமாஸ்கஸ் 2004இல் வாக்களித்து நகரமானது; 2016இல் மறுபடி வாக்களித்து, வேண்டாம், கவுன்டியே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஆகையால் ஒரு சி.டி.பி.யில் பத்தாண்டில் ஆள் கூடியது, குறைந்தது என்று யாராவது சொன்னால், முதலில் இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது நல்லது. ஆட்களுக்குப் பதில் கோடு நகர்ந்திருக்கலாம்.

சின்ன இடங்களுக்குத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தால் நெவாடாவின் பாரடைஸ் அதை உடைத்துவிடும். 2020 கணக்கெடுப்பில் அங்கே 1,91,238 பேர். இதுவும் பதிவாகாத இடம்தான். லாஸ் வேகஸ் என்றதும் நினைவுக்கு வருகிற சூதாட்ட விடுதித் தெருவான 'ஸ்ட்ரிப்'பின் பெரும்பகுதியும் விமான நிலையமும் பாரடைஸுக்குள் இருக்கின்றன. 'லாஸ் வேகஸுக்கு நல்வரவு' சொல்லும் 1959ஆம் ஆண்டின் பலகையும் அங்கேதான் நிற்கிறது. லாஸ் வேகஸ் நகர எல்லை வடக்கே சஹாரா அவென்யூவோடு முடிந்துவிடுகிறது.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1950இல் லாஸ் வேகஸ் மேயராக இருந்த எர்னி கிராகின், பணம் கொழிக்கும் ஸ்ட்ரிப்பை நகரத்தோடு இணைத்து அதன் வரியை நகரக் கருவூலத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஃபிளமிங்கோ விடுதியின் கஸ் கிரீன்பாம் தலைமையில் விடுதிக்காரர்கள் கவுன்டி ஆணையர்களிடம் போய் நின்றார்கள். அந்த டிசம்பர் 8ஆம் தேதி, ஒரு மைல் அகலமும் நான்கு மைல் நீளமும் உள்ள நிலத்தைக் கவுன்டி 'பாரடைஸ்' என்ற தனி டவுன்ஷிப்பாக, அதாவது நகராட்சி ஆகாமல் கவுன்டியின் கீழேயே இருக்கும் வட்டாரமாக, அறிவித்தது. நெவாடா சட்டப்படி அத்தகைய இடத்தைக் கவுன்டியின் சம்மதம் இல்லாமல் நகரம் விழுங்க முடியாது. நகராட்சி ஆகாமல் இருப்பதையே கோட்டைச் சுவராக்கிக்கொண்டார்கள். பாரடைஸ்வாசிகளின் கடித முகவரியில் இன்றும் 'லாஸ் வேகஸ்' என்றுதான் இருக்கும், ஏனென்றால் தபால் துறைக்குத் தன் விநியோக வசதிதான் கணக்கு. ஒரே வீட்டுக்காரருக்குத் தபாலில் ஓர் ஊர், சென்சஸில் ஓர் ஊர், சட்டத்தில் ஊரே இல்லை.

ஹவாயின் கதை இன்னும் வேடிக்கை. அந்த மாநிலம் முழுக்க சென்சஸ் கணக்கில் பதிவான ஊர் ஒன்றுகூட இல்லை, எல்லாமே சி.டி.பி. ஹொனலுலு என்ற அரசு நிர்வாகம் ஒவாஹு தீவு முழுவதையும் ஆள்கிறது, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள். நாம் ஹொனலுலு என்று நினைக்கிற நகரப் பகுதியைத் தனியே பிரித்துக் காட்ட 'அர்பன் ஹொனலுலு' என்று சென்சஸ் ஒரு கோடு போட்டிருக்கிறது. 2020இல் அதற்குள் 3,50,964 பேர். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் இருக்கும் ஆர்லிங்டனும் ஒரு கவுன்டிதான், நகரமல்ல. கவுன்டி முழுவதையும் அப்படியே ஒரே சி.டி.பி. ஆக்கிவிட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட கோட்டுக்குள் வருகிற எண்ணாவது கறாரானதா என்றால், சின்ன இடங்களில் அதுவும் இல்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். தனிநபர் விவரத்தை வெளியிடக் கூடாது என்பது சென்சஸ் சட்டம். பெயரோடு கூடிய படிவங்கள் 72 ஆண்டு கழித்துத்தான் திறக்கப்படும். 1950ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரலில்தான் வெளிவந்தன. ஆனால் பெயர் இல்லாத அட்டவணைகளை மட்டும் வைத்துக்கொண்டே, கணினியால் பின்னோக்கிக் கணக்குப் போட்டு யார் எவர் என்று கண்டுபிடிக்க முடியும் என்பதை பீரோ தன் 2010 தரவிலேயே சோதித்துப் பார்த்தது. அதனால் 2020இல் மாநில மொத்தத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள எண்களில் கணித விதிப்படி கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் கலந்துவிட்டார்கள். லட்சம் பேர் உள்ள இடத்தில் இரண்டு மூன்று கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது.

மோனோவையில் தெரிந்தது. ஒரே ஒருவர் வாழும் ஊருக்கு 2020 கணக்கெடுப்பு கொடுத்த மக்கள்தொகை 2. செய்தியாளர்கள் அந்த மூதாட்டியிடம் போய்க் கேட்டார்கள். தன்னைத் தவிர அங்கே யாரும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.