தேடுபொறியின் பால் நிறுவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அம்மா பால் மரம் வெட்டினார், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். பள்ளி விடுமுறையில் தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியோடு அவர் பின்னால் பால் கொட்டகைக்குப் போவேன். தோட்டத்து எழுத்தரான கிராணி பாலை எடைபோட்டதோடு விடமாட்டார். அதில் கொஞ்சம் முகந்து, தண்டில் கோடுகள் போட்ட ஒரு மிதவையை உள்ளே விடுவார். கெட்டிப் பாலில் அது ஆழமாக அமிழும். தண்ணீர் கூடிய பாலில் உயர்ந்து நிற்கும், ஏனென்றால் ரப்பர் தண்ணீரைவிட லேசானது. எத்தனை வாளி என்பது ஒரு கணக்கு. அந்த வாளிக்குள் எவ்வளவு ரப்பர் என்பது வேறு கணக்கு. கூலி இரண்டாவதைப் பார்த்துத்தான்.

தேடுபொறிகள் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தும் விதத்தை யாராவது என்னிடம் கேட்டால், அந்தக் கொட்டகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1990களின் நடுப்பகுதியில் தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களையே எண்ணின. 'கல்யாண விருந்து' என்று தேடினால், அந்தச் சொல் அதிகமாக வரும் பக்கம் முன்னால் வந்தது. அதே சொல்லை நூறு தடவை எழுதி, பின்புலத்தின் நிறத்திலேயே எழுத்தை மறைத்துவைத்தவர்களும் மேலே வந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த, பின்னர் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கெய் பிரினும் பார்வையைத் திருப்பினார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைவிட, மற்ற பக்கங்கள் அதை நோக்கிக் கை காட்டுகின்றனவா என்று பார்த்தார்கள். அந்தக் கை காட்டல்தான் இணைப்பு.

இந்த யோசனைக்கு முன்னோடி உண்டு. ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுத்துப் பார்க்கலாம் என 1955இலேயே யூஜீன் கார்ஃபீல்டு எழுதியிருந்தார். ஆனால் எண்ணிக்கை மட்டும் என்றால் அது வாளியை எண்ணுவதுதான். பேஜும் பிரினும் 1998இல் வெளியிட்ட 'பேஜ்ரேங்க்' முறை, கை காட்டுபவரின் கனத்தையும் கணக்கில் எடுத்தது. இணைப்பு தரும் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு? அது இன்னும் எத்தனை பேருக்கு இணைப்பு தருகிறது? இந்த இரண்டு கேள்விகளில்தான் கணக்கு முழுவதும் இருக்கிறது.

மூன்றே பக்கங்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோவில், ஒரு கல்யாணச் சமையல்காரர். பள்ளியின் பக்கம் கோவிலுக்கும் சமையல்காரருக்கும் இணைப்பு தருகிறது. கோவில் பக்கம் சமையல்காரருக்கு மட்டும் தருகிறது. சமையல்காரர் தாம் படித்த பள்ளிக்கு மட்டும் தருகிறார். ஆளுக்கு ஒரு லிட்டர் பால் கொடுத்துத் தொடங்குவோம். ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதை, தாம் இணைப்பு தந்தவர்களுக்குச் சமமாகப் பிரித்து ஊற்றிவிட வேண்டும்.

முதல் சுற்று முடிந்ததும் பள்ளியிடம் 1 லிட்டர், கோவிலிடம் அரை லிட்டர், சமையல்காரரிடம் ஒன்றரை. இரண்டாம் சுற்றில் பள்ளிக்கு ஒன்றரை, கோவிலுக்கு அரை, சமையல்காரருக்கு 1. மூன்றாம் சுற்றில் 1, 0.75, 1.25. ஊற்றிக்கொண்டே போனால் ஆட்டம் குறைந்து, பள்ளி 1.2, கோவில் 0.6, சமையல்காரர் 1.2 என்று நின்றுவிடும். அதன்பின் எத்தனை தடவை ஊற்றினாலும் மாறாது.

இந்த விடையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பள்ளிக்கும் கோவிலுக்கும் வந்தது ஆளுக்கு ஒரே ஓர் இணைப்பு. இருந்தும் பள்ளியின் மதிப்பு இரண்டு மடங்கு. பள்ளிக்குத் தந்தவர் கையில் இருந்ததை முழுவதும் தந்தார். கோவிலுக்குத் தந்தவர் பாதியைத்தான் தந்தார். என் மதிப்பு உன்னால், உன் மதிப்பு என்னால் என்று வட்டமாகச் சுற்றும் கேள்விக்கு, ஊற்றி ஊற்றியே விடை கண்டுபிடிக்கலாம் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. பேஜும் பிரினும் 32 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு இப்படிக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 52 சுற்றுகளில் விடை நிலைபெற்றுவிட்டது.

ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கங்கள் ஒன்றுக்கொன்று மட்டும் இணைப்பு தந்துகொண்டால், உள்ளே போகும் பால் வெளியே வராது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் 85 விழுக்காடு மட்டுமே இணைப்பு வழியாகப் போகும். மீதி 15 விழுக்காடு எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாகப் பகிரப்படும். இணைப்புகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் வாசகர் சலித்துப்போய் எங்கோ ஒரு புதுப் பக்கத்தைத் திறப்பதுபோல என்று அவர்கள் விளக்கினார்கள்.

இணைப்பின் மேல் எழுதியிருக்கும் சொற்களும் கணக்கில் சேரும். 'இங்கே அழுத்தவும்' என்பதைவிட 'சுங்கை சிப்புட் கல்யாண விருந்து' என்று எழுதினால், போகுமிடம் எதைப் பற்றியது என்பது தேடுபொறிக்குப் புரியும். இதையும் கெடுத்தார்கள். 2003இல் பலர் சேர்ந்து 'படுதோல்வி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் மேல் அன்றைய அமெரிக்க அதிபர் புஷ்ஷின் பக்கத்துக்கு இணைப்பு தந்து, அந்தத் தேடலில் அவரையே முதலிடத்தில் நிறுத்தினார்கள். கூகுள் 2007இல் அதைச் சரிசெய்தது.

பாலில் தண்ணீர் கலப்பவர்களும் வந்தார்கள். என் மாமா மகன் கல்யாணச் சமையல் தொழில் செய்கிறார். தொலைபேசியில் பேசிய ஒருவரை நம்பி, ஆயிரம் இணைப்புகளைச் சில நூறு ரிங்கிட்டுக்கு வாங்கினார். பட்டியலைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சூதாட்டப் பக்கங்கள், மருந்து விற்கும் பக்கங்கள், எங்கள் இருவருக்குமே படிக்கத் தெரியாத மொழிகள். ஒரு பக்கத்தில் மட்டும் அவரோடு சேர்த்து நானூறு இணைப்புகள். பக்கத்துக்கே மதிப்பில்லை, அதையும் நானூறாகப் பங்கிட்டால் என்ன மிஞ்சும்? கிராணியின் மிதவைக்கு ஈடாகக் கூகுள் 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது இப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளியது. 2016 முதல் பெரும்பாலும் அந்த இணைப்புகளையே மதிப்பற்றதாக ஆக்கிவிடுகிறது. காசு வாங்கித் தரும் இணைப்பை அப்படியே அடையாளமிட்டுக் காட்டவும் குறியீடுகள் உண்டு. இன்று இணைப்பு பல அளவைகளில் ஒன்றுதான், முன்பிருந்த கனம் அதற்கு இல்லை என்று கூகுள் தரப்பினரே சொல்கிறார்கள். ஆனாலும் தேடுபொறியின் சிலந்தி நிரல் புதுப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது இன்றும் பெரும்பாலும் இணைப்பைப் பிடித்துக்கொண்டுதான்.

என் கவலை அங்கேதான் இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் சாய்ந்து, லயத்து வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பழைய மாணவர் ஒருவர் பள்ளிப் படங்களையும் வேலைக்காட்டுப் பெயர்களையும் திரட்டி ஒரு பக்கம் அமைத்திருக்கிறார். அதை நாங்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அழுதவர்களும் உண்டு. ஆனால் எங்கள் தனிக் குழுக்களுக்குள் சிலந்தியால் நுழைய முடியாது. அங்கே ஆயிரம் தடவை அனுப்பியதும் அதன் கணக்கில் ஒரு சொட்டுகூட இல்லை. தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் நிலம் விற்கும் விளம்பரங்கள்தான் வந்தன.

போன மாதம் கோவில் திருவிழாப் பக்கத்தைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. அன்னதானம் சமைத்தவர் என்று மாமா மகனின் பக்கத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்தேன். அதன் கீழே, தோட்டத்தின் முழுப் பெயரையும் எழுதி, அந்தப் படங்களுக்கு ஒன்று.