ஊட்டம்: ‘நியூட்ரிஷன்’ என்பதற்கு நம் சொல்

ஜிம்முக்குப் போகத் தொடங்கிய ஒருவரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘டயட்ல இருக்கேன்’ என்பார். அடுத்து வருவது எதையெல்லாம் விட்டார், எவ்வளவு குறைத்தார் என்ற கணக்குதான். உடம்பை வருத்தி உழைக்கிற ஒருவருக்கு அது பொருந்தாத பேச்சு. அவர் முதலில் கேட்க வேண்டியது ‘ஊட்டம் போதுமா’ என்று.

டயட்டின் வேர் ‘டையைட்டா’ என்ற கிரேக்கச் சொல். வாழும் முறை என்பது அதன் பொருள். பின்னால்தான் உணவோடு மட்டும் சுருங்கியது. இதற்கு உணவுமுறை என்றாலே போதும். சிலர் பத்தியம் என்கிறார்கள். பத்தியம் நோயாளிக்கு மருந்தோடு வரும் கட்டுப்பாடு. ஓடுகிறவருக்கும் எடை தூக்குகிறவருக்கும் அது எதற்கு?

நியூட்ரிஷனின் கதை வேறு. லத்தீனில் ‘நூட்ரீரே’ என்றால் பாலூட்டுதல், ஊட்டி வளர்த்தல். ‘நர்ஸ்’ என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததுதான். நம் ஊட்டமும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. காண் என்பது காட்டு ஆவதுபோல, பூண் என்பது பூட்டு ஆவதுபோல, உண் என்பது ஊட்டு ஆகிறது. தான் உண்பது ஒன்று, இன்னொருவரை உண்ணச் செய்வது இன்னொன்று. ஊட்டு என்பதோடு ‘அம்’ விகுதி சேர்ந்தால் ஊட்டம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே செயலிலிருந்து இந்தச் சொல்லை எடுத்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

குழந்தைக்கு ஊட்டுகிறவரைக் கவனியுங்கள். வாய்க்கு அடங்கும் அளவில் உருட்டுவார், விழுங்கும்வரை காத்திருப்பார், அப்புறம்தான் அடுத்த வாய். அளவும் நேரமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. பயிற்சி செய்யும் உடம்புக்கும் இவை இரண்டும்தான் வேண்டும். ஓடும்போது தசை தன்னிடம் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பைச் செலவழிக்கிறது. அதை நிரப்ப மாவுச்சத்து வேண்டும். தசை இழைகளைச் செப்பனிடப் புரதம் வேண்டும். தொடர்ந்து பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் என்பது விளையாட்டு ஊட்டவியலில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதை ஒரே வேளையில் அள்ளிப் போடாமல் பிரித்து உண்பது நல்லது. செலவுக்கு ஈடாக உண்ணாமல் மாதக்கணக்கில் பயிற்சியை மட்டும் கூட்டினால் எலும்பு வலுவிழக்கும், பெண்களுக்கு மாதவிடாய் தப்பும். இதற்கு ஊட்டக்குறைவு என்ற சொல் இருக்கிறது. ‘டயட்’ என்ற பேச்சில் அது மறைந்துபோகிறது.

உழவர்கள் இந்தச் சொல்லை நன்றாகவே புழங்குகிறார்கள். பயிருக்குப் பேரூட்டம், நுண்ணூட்டம் என்று பிரித்துச் சொல்வார்கள். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் பேரூட்டம் என்றும், வைட்டமின், தாதுக்களை நுண்ணூட்டம் என்றும் நாமும் தயங்காமல் சொல்லலாம். சத்து வடமொழி வழி வந்தது. அதோடு சேர்ந்த ‘ஊட்டச்சத்து’ உணவில் இருக்கும் பொருளைக் குறிக்கும். உடம்பு அதைப் பெற்று வளர்வது ஊட்டம். சரி, ‘ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷன்’? விளையாட்டு வீரருக்கு விளையாட்டு ஊட்டம், மற்றவர்களுக்குப் பயிற்சி ஊட்டம் என்று நான் எழுதுகிறேன்.