கம்பளி நூலில் ஏறிய ரோஸ் நிறம்

பள்ளி வாசலில் வாங்கிய தின்பண்டங்களை ஒரு கேரி பையில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு தலைமையாசிரியை வந்தார். பாதி தின்ற ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய், கசங்கிய ஜவ்வு மிட்டாய், மஞ்சள் குழல் அப்பளம். "மூணாம் வகுப்புப் பிள்ளைங்க நாக்கெல்லாம் சிவந்து கிடக்கு சார். இதுல என்ன போடுறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பஞ்சு மிட்டாய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2024 பிப்ரவரிதான். புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருந்தது தெரிந்து அங்கே தடை வந்தது. அடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டிலும் மாதிரிகள் எடுத்து, கிண்டியில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பரிசோதித்து, 17ஆம் தேதி இங்கும் தடை அறிவித்தார்கள். மார்ச்சில் கர்நாடகமும் பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் இந்தச் சாயத்தைத் தடுத்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் இது. உணவில் சேர்க்க எந்த அளவிலும் அனுமதி கிடையாது.

அதன் பிறகு பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "தண்ணீரில் போட்டேன், நிறம் இறங்கியது. அப்போ கலப்படம்தானே?" இல்லை. அனுமதி பெற்ற நிறமிகளும் தண்ணீரில் நன்றாகக் கரையும், நாக்கிலும் ஒட்டும். ரோடமினும் கரையும், அனுமதி உள்ள நிறமான எரித்ரோசினும் கரையும். டம்ளரில் இரண்டும் ரோஸாகத்தான் தெரியும். நம் நாட்டில் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டுதான். இறங்கிய நிறம் அந்த எட்டில் ஒன்றா, வெளியே உள்ளதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஆய்வகத்தில் முதலில் நாங்கள் எடுப்பது வெள்ளைக் கம்பளி நூல். அதிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கி வைத்திருப்போம். மிட்டாயைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் அமிலம் விட்டு, நூலைப் போட்டுக் கொதிக்க வைத்தால் டார்ட்ரசின், கார்மோசின் போன்ற அனுமதி உள்ள நிறங்கள் நூலில் ஏறிக்கொள்ளும். நூலை அலசிவிட்டு நீர்த்த அம்மோனியாவில் மறுபடி கொதிக்க வைத்தால் நிறம் இறங்கும். ரோடமின் பி காரத் தன்மையுள்ள சாயம் என்பதால் அதற்கு இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: காரத்தில் ஏற்றி, அமிலத்தில் இறக்க வேண்டும். இறங்கிய நிறத்தைக் காகிதத்தில் ஒரு புள்ளியாக வைத்து, பக்கத்தில் பெயர் தெரிந்த நிறங்களையும் வைத்து, கரைப்பானை மேலேற விடுவோம். எது எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒப்பிட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். புறஊதா விளக்கில் ரோடமின் பளீரென்று ஒளிரும். ஆனால் எரித்ரோசினும் ஒளிரும் என்பதால் ஒளிர்வதை மட்டும் பார்த்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்தப் பையில் இருந்த பஞ்சு மிட்டாய் ரோடமின்தான். ஜவ்வு மிட்டாயில் எரித்ரோசின். "அப்போ அது பரவாயில்லையா சார்?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுமதி உள்ள நிறத்துக்கும் பெரும்பாலான பண்டங்களில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. எரித்ரோசினில் ஒருவர் ஒரு நாளைக்கு உட்கொள்ளத்தக்க அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 2 மில்லிகிராம். வரம்புக்கு உட்பட்ட மிட்டாய் 20 கிராம் தின்றாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். தராசில் நிறுத்துப் போடாமல் கையளவாகத் தூவுகிற இடத்தில் 100 மில்லிகிராம் என்ற வரம்பு எப்படி நிற்கும்? அமெரிக்காவில் 2025 ஜனவரியில் இதே எரித்ரோசினுக்கு உணவில் இருந்த அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள்.

ரோடமினைத் தின்றால் உடனே புற்றுநோய் வந்துவிடும் என்று சுற்றும் செய்திகளை நான் ஏற்பதில்லை. மனிதர்களில் அதற்குப் போதிய சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை எந்தப் பக்கமும் வகைப்படுத்த முடியாத மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. விலங்குச் சோதனைகள் சந்தேகத்தை எழுப்பின, பாதுகாப்பானது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது என்று சொல்ல எனக்கு இதுவே போதும்.

தள்ளுவண்டிக்காரர்மேல் மட்டும் பாய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் வாங்குவது "கலர் பொடி". பல நேரம் அது பெயரே இல்லாத சின்னப் பொட்டலம். உணவுக்கான நிறமி என்றால் பொட்டலத்தில் நிறத்தின் பெயரும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பொட்டலத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை மிட்டாயோடு நிற்காமல் பொடி விற்ற கடை வரைக்கும் போக அதுதான் வழி.

அப்புறம் ஒரு விஷயம். தலைமையாசிரியை கொண்டுவந்தது போல் பிரித்த, கடித்த பண்டத்தை வைத்து யார்மேலும் வழக்குப் போட முடியாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் முறைப்படி எடுக்கும் மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார். 14 நாட்களுக்குள் பகுப்பாய்வு அறிக்கை வர வேண்டும். பொருளை வாங்கிய யாரும் கட்டணம் கட்டித் தாங்களே பரிசோதனைக்குக் கொடுக்கவும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் பரிசோதிக்கப் போகிறோம் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தலைமையாசிரியையிடம் இதைச் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்குக் கடிதம் எழுதினார். இரண்டு நாள் கழித்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் பள்ளி வாசலுக்குப் போய் மாதிரி எடுத்தார், பஞ்சு மிட்டாயோடு வண்டியில் இருந்த பொடிப் பொட்டலத்தையும் சேர்த்து.