ஐப்பசி அடைமழையும் உடலின் கடிகாரமும்

பகல் மிகக் குறுகுவது டிசம்பர் 21-ஐ ஒட்டித்தான் என்றாலும், புதுச்சேரியிலும் கடலூரிலும் மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பர் நடுவில், அப்போது 5.40 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. மிகத் தாமதமாக விடிவதோ சனவரி பிற்பாதியில், ஆறரை மணியளவில். பூமியின் அச்சுச் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து நண்பகலையே சிறிது சிறிதாகத் தள்ளிப்போடுவதால் இந்த வேறுபாடு உண்டாகிறது.

லண்டனில் சூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீண்டு, டிசம்பரில் எட்டு மணிக்கும் கீழே இறங்கிவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 பாகை வடக்கே இருக்கும் நம் கரையில் இந்த ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே, இங்கே ஐப்பசி, கார்த்திகையில் உடலைப் பிடிக்கும் சோம்பலுக்குப் பகல் குறைவதை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது; வடகிழக்குப் பருவமழையின் மேகமும், சாரலுக்காகச் சாத்திவைத்த சன்னலும்தான் பெரிய காரணங்கள் என்பது என் கருத்து.

ஒளியை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், நண்பகல் வெயிலின் ஒளி ஒரு லட்சம் அளவுக்கு எட்டும். கார்மேகம் கவிந்த பகலில் அது சில ஆயிரமாகக் குறைந்தாலும், காலை பத்து மணிக்கே டியூப்லைட் போட்ட கூடத்தில் கிடைப்பது சில நூறு லக்ஸ்தான். வெளியொளி, வீட்டொளி இரண்டுக்கும் கண் தன்னைப் பழக்கிக்கொள்வதால் நமக்கு இந்த இழப்பு தெரிவதில்லை. ஆனால் உடல் அதை அறிகிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில நரம்பணுக்கள், காட்சிக்காக அல்லாமல், முதன்மையாக ஒளியின் அளவைச் சொல்லவே மூளையின் ஹைப்போதாலமஸில் உள்ள மையக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. இக்கடிகாரத்தின் இயல்பான சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே அதிகம் என்பதால், காலை ஒளி அதை அன்றாடம் திருத்தாவிட்டால் பலருக்கும் இரவில் தூக்கம் வரும் நேரம் தள்ளிக்கொண்டே போகிறது.

மழைக்காலத்தில் வாசலில் கோலம் போடுவதும் கடற்கரை நடையும் நின்றுபோகும்போது, அந்தக் காலை ஒளியும் சேர்ந்தே நின்றுபோகிறது. எனவே நம்மைப் பேணிக்கொள்ளும் வழக்கத்தை அங்கிருந்தே தொடங்க வேண்டும். விடிந்தபின் அரை மணி நேரமாவது திண்ணையிலோ மழை படாத தாழ்வாரத்திலோ இருந்தபடி காபி குடிக்கலாம், செய்தித்தாள் படிக்கலாம். மழை விட்ட நாளில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கோ நடந்து போய்வந்தால் உடற்பயிற்சியும் ஆயிற்று. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் மொட்டை மாடியும் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும். எழும் நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாற்றக் கூடாது.

கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரங்கள் உணவு வேளையைப் பின்பற்றுகின்றன. மாலை பஜ்ஜியால் பசி மந்தமாகி இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போனால், அவை மையக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் விலகுகின்றன. எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, அதன்பின் கூடத்தின் வெள்ளை விளக்கை அணைத்து மங்கிய விளக்கை வைத்துக்கொண்டு, கைப்பேசியையும் தள்ளிவைத்தால், தூக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் தடையின்றிச் சுரக்கும்.

இவற்றையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்றி மனம் வாடியே இருந்தால், அதை மழைக்காலச் சோம்பல் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.