மூன்று இலட்சம் வாக்கு, ஆறு ஆசனம்: இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் கணக்கு எங்கே பிசகுகிறது

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்கு, 3 ஆசனம். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்கு, 1 ஆசனம். வாக்கில் வித்தியாசம் பதினேழாயிரத்துச் சொச்சம். ஆசனத்தில் மூன்று மடங்கு. அன்றிரவு பலரும் "எண்ணினதில ஏதோ பிழை" என்றார்கள். எண்ணியதில் பிழை இல்லை. அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரை சொல்லுகிறபடி கணக்குப் போட்டால் இந்த விடைதான் வரும். ஆகவே பார்க்க வேண்டியது அந்த உறுப்புரையைத்தான். தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்று எல்லாக் கட்சியும் சொல்கிறது. எந்த வரியை மாற்றுவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

முதலில் ஆசனம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது. பாராளுமன்றத்தில் 225 பேர். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து, அதாவது நாடு முழுக்க எடுத்த வாக்குக்காகக் கட்சிகளுக்குக் கிடைக்கும் ஆசனங்களிலிருந்து. அந்த 196இல் 36 ஆசனம் மாகாணத்துக்கு நாலு வீதம் ஒன்பது மாகாணத்துக்கும் போகிறது. மிச்சம் 160உம் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. சனத்தொகைப்படி அல்ல, வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களின்படி. 2010இல் யாழ்ப்பாணத்துக்கு 9 ஆசனம் இருந்தது. 2015இலும் 2020இலும் 7. 2024இல் 6. இடாப்பில் பெயர் குறைந்ததும், மற்ற மாவட்டங்களில் கூடியதும்தான் காரணம். கிராம உத்தியோகத்தர் இடாப்புப் படிவத்துடன் வரும்போது வீட்டில் உள்ள பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரைச் சேர்க்காமல் விட்டால், அந்தப் பிள்ளை வாக்கை இழப்பதோடு மாவட்டத்தின் பங்கும் அந்தளவுக்குக் குறைகிறது.

யாழ்ப்பாணக் கணக்கு, ஒவ்வொரு படியாக

செல்லுபடியான மொத்த வாக்கு 325,312. இதில் 5 வீதம் என்பது 16,265 சொச்சம். அதற்குக் குறைவாக எடுத்த கட்சியும் சுயேச்சைக் குழுவும் இந்தக் கட்டத்திலேயே வெளியே. ஐக்கிய மக்கள் சக்தி 15,276 எடுத்தது. ஆயிரம்கூட இல்லாத குறைவில் கணக்கிலிருந்தே நீங்கியது. இப்படி நீங்கிய வாக்கு எல்லாம் சேர்த்து 85,071. நாலில் ஒன்றுக்கும் மேல்.

மிஞ்சிய ஆறு அணிகள்: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈ.பி.டி.பி. (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) 17,730. கூட்டினால் 240,241.

முதலிடம் வந்த அணிக்கு ஓர் ஆசனம் போனஸாகப் போகிறது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் முதலிடம் வந்தாலும் அந்த ஆசனம் முழுசாக அந்த அணிக்கே. இப்போது மிச்சம் 5 ஆசனம். 240,241ஐ 5ஆல் வகுத்தால் 48,048.2, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும் என்பது விதி, ஆகவே 48,049. ஒவ்வொரு 48,049க்கும் ஓர் ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, மீதி வாக்கு 32,781. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, மீதி 15,278. மற்ற நால்வரும் அந்த எண்ணைத் தொடவில்லை. இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவை மீதி வாக்கின் வரிசைப்படி போகும்: 32,781 (தேசிய மக்கள் சக்தி), 27,986 (தமிழ்க் காங்கிரஸ்), 27,855 (சுயேச்சைக் குழு). முடிந்தது. 24.85 வீத வாக்குக்கு ஆறில் பாதி ஆசனம்.

ஆசனம் எதையும் தராமல் போன வாக்கு எவ்வளவு? 5 வீதத்துக்குக் கீழே நின்ற 85,071உடன், அந்தக் கோட்டைத் தாண்டியும் ஆசனம் எட்டாத இரண்டு அணிகளின் 40,243ஐயும் சேர்த்தால் 125,314. செல்லுபடியான வாக்கில் 38.5 வீதம். விகிதாசாரம் என்று பெயர் வைத்த முறை இது.

இப்போது ஒரே ஒரு வரியை, போனஸ் ஆசனத்தை, எடுத்துவிட்டு அதே வாக்கை மறுபடி கணக்குப் பாருங்கள். 240,241ஐ 6ஆல் வகுத்தால் 40,041. தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழரசுக் கட்சிக்கு 2, தமிழ்க் காங்கிரசுக்கு 1, சுயேச்சைக் குழுவுக்கு 1. போனஸையும் 5 வீத வெட்டுப்புள்ளியையும் சேர்த்து எடுத்தால் 2, 1, 1, 1, 1 என்று வரும்; அந்த ஐந்தாவது இடம் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு. மக்கள் போட்ட புள்ளடி ஒன்றுகூட மாறவில்லை. விதி மாற மாற ஆள் மாறுகிறார். மக்கள் தீர்ப்பு என்று நாம் சொல்வதில் எவ்வளவு மக்களுடையது, எவ்வளவு விதியுடையது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

நாடு முழுக்கவும் இதே கதை. அந்தத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 61.56 வீத வாக்கு, 159 ஆசனம், அதாவது 70 வீதத்துக்கும் மேல். 22 மாவட்டத்தில் மட்டக்களப்பு தவிர 21இல் அது முதலிடம், 21 போனஸ். போனஸ் இல்லாவிட்டால் அந்த 21உம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு பகுதி வகுத்தல் வழியாக அதற்கே திரும்பி வந்திருக்கும். ஆனால் மூன்றில் இரண்டுக்கான கோடு 150. அந்தக் கோட்டுக்கு அருகில் நிற்கும் எந்த அரசாங்கத்துக்கும் இந்த ஆசனங்கள்தான் அரசியலமைப்பை மாற்றும் பலத்தைக் கொடுக்கின்றன. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இது உண்மை.

5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதால் மட்டும் ஒரு சமூகம் தப்பிவிடாது. 2020இல் திகாமடுல்ல மாவட்டத்தில், அதாவது அம்பாறையில், 7 ஆசனம். அகில இலங்கைத் தமிழர் மகாசபைக்கு 29,379 வாக்கு, தமிழரசுக் கட்சிக்கு 25,255. இரண்டும் கோட்டைத் தாண்டின. இரண்டுக்கும் ஆசனம் இல்லை. கடைசி ஆசனம் தேசிய காங்கிரசின் 38,911க்குப் போனது. இரண்டு பட்டியலும் ஒன்றாக நின்றிருந்தால் 54,634. மீதி வாக்கு வரிசையில் முதலாவது ஆசனமே அதற்குத்தான். அம்பாறைத் தமிழர் அந்தப் பாராளுமன்றத்தில் மாவட்ட உறுப்பினர் இல்லாமல் இருந்தது வாக்குக் குறைந்ததால் அல்ல, பட்டியல் பிரிந்ததால். 2024இல் திருகோணமலையில் தமிழ்க் கட்சிகள் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் சேர்ந்து நின்றதற்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருந்தது.

விருப்பு வாக்கும் நிராகரிக்கப்பட்ட வாக்கும்

வாக்குச்சீட்டில் மேலே கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும், சின்னத்துடன். கீழே வெறும் இலக்கங்கள் மட்டும். வேட்பாளர் பெயர் எதுவும் இருக்காது. ஒரு கட்சிக்கு எதிரே ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் அவர்களின் இலக்கத்தில் புள்ளடி; இதுதான் விருப்பு வாக்கு. இலக்கம் எல்லாக் கட்சிக்கும் பொது. வீட்டுக்குப் புள்ளடி போட்டு 4இல் புள்ளடி போட்டால் அது தமிழரசுக் கட்சியின் 4ஆம் இலக்கக்காரருக்குத்தான். வேறு கட்சியில் 4ஆம் இலக்கத்தில் நிற்கும் உங்களுக்குத் தெரிந்தவருக்கு அது போகாது.

பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால் சீட்டு முழுவதும் நிராகரிக்கப்படும். கட்சியை விட்டுவிட்டு இலக்கத்தில் மட்டும் போட்டாலும் அப்படியே. மூன்றுக்கு மேல் இலக்கம் அடையாளமிட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு எதுவும் எண்ணப்படாது. பெயரோ கையொப்பமோ எழுதினால் நிராகரிப்பு. 2024இல் செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதச் சொன்னார்கள். எட்டு வாரத்துக்குள் புள்ளடி மட்டும் போடுங்கள் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் 44 பட்டியல், பட்டியலுக்கு ஒன்பது பேராக 396 வேட்பாளர் (ஆசன எண்ணிக்கையுடன் மூன்றைக் கூட்டினால் வருவது ஒரு பட்டியலின் அளவு). விளைவு, அந்த மாவட்டத்தில் மட்டும் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிராகரிக்கப்பட்ட வாக்கு. ஓர் ஆசனம் வென்ற தமிழ்க் காங்கிரஸ் எடுத்ததைவிட அதிகம். நாடு முழுக்க 667,240. இதை வாக்காளரின் அறியாமை என்று சொல்வதை ஏற்கவே முடியாது. மேசை நீளத்துக்குச் சீட்டை அடித்து, பெயருக்குப் பதில் இலக்கம் போட்டது அவர்களா?

விருப்பு வாக்கில் ஒரு நன்மையும் இருக்கிறது. கட்சித் தலைமை போட்ட வரிசையை வாக்காளர் மாற்றலாம். ஆனால் வேட்பாளரின் முதல் எதிரி தன் பட்டியலிலேயே இருக்கிறார். ஊர்காவற்றுறை முதல் கிளிநொச்சி வரை பதினொரு தொகுதியிலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் செலவழிக்க வேண்டும். பணமில்லாதவரும் பெண்களும் பின்னே தள்ளப்படுகிறார்கள். 2011 ஒக்டோபர் 8, உள்ளூராட்சித் தேர்தல் நாளில், ஒரே கூட்டணியின் இரு அணிகள் கொலன்னாவைப் பக்கம் மோதியதில் அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர உட்பட நால்வர் உயிரிழந்தனர். உள்ளூராட்சியில் விருப்பு வாக்கு கைவிடப்பட்டது அதற்குப் பிறகுதான். பாராளுமன்றத்துக்கு இன்றும் இருக்கிறது. 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் செலவுக்கு வரம்பு வைத்து, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கணக்குக் காட்டச் சொல்கிறது. நல்ல தொடக்கம். ஆனாலும் மாவட்டம் முழுக்க ஓடித்தான் வெல்ல வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை செலவு அடங்காது.

தேசியப் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாக. நாடு முழுக்க எடுத்த வாக்கை 29க்குப் பங்கிடுகிறார்கள். இதில் 5 வீத வெட்டு இல்லை. 2024இல் 87,038 வாக்குடன் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஓர் ஆசனம் பெற்றது. சிதறி வாழும் சமூகங்களுக்கு இது உயிர்நாடி. குறை எங்கே என்றால், மாவட்டத்தில் தோற்றவரையும் கட்சிச் செயலாளர் இதன் வழியாக உள்ளே கொண்டுவரலாம். பெயரை ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்று விதி இருந்தும், தராவிட்டால் ஆசனம் காலியாகவே கிடக்கும். 2020 ஓகஸ்டில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனம் 2021 ஜூன் மாதம்வரை நிரப்பப்படவில்லை. அதில் வந்தவர் ரணில் விக்கிரமசிங்க. பதின்மூன்று மாதத்தில் ஜனாதிபதி.

பழைய தொகுதி முறைக்குத் திரும்பலாமா?

"தொகுதிக்கு ஒரு எம்.பி. இருந்தால் போய்ப் பேசலாம்" என்பது நியாயமான ஏக்கம். ஆனால் 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி அதிக வாக்கு எடுத்தும் 17 ஆசனம்தான். அதைவிடக் குறைந்த வாக்கு எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் பாதிக்குச் சற்று அதிகமான வாக்குக்கு 168இல் 140 ஆசனம். அந்தப் பலத்தில்தான் 1978 அரசியலமைப்பு வந்தது. கொழும்பு மத்தி, நுவரெலியா–மஸ்கெலியா போன்ற பல அங்கத்தவர் தொகுதிகள் அந்த நாளில் சிறுபான்மையினருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தன. ஒற்றை அங்கத்தவர் தொகுதி மட்டும் என்று வந்தால் கண்டியிலும் பதுளையிலும் சிதறியிருக்கும் மலையகத் தமிழரும், தெற்கில் உள்ள முஸ்லிம்களும் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இருக்க மாட்டார்கள்.

இதனால்தான் கலப்பு முறை பேசப்படுகிறது. 2015 ஜூனில் வர்த்தமானியில் வந்த 20ஆம் திருத்த யோசனை 237 உறுப்பினர் என்றது: 145 தொகுதி, 55 மாவட்ட விகிதாசாரம், 37 தேசியப் பட்டியல். 2017 செப்டெம்பரில் புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை 233 என்றது, அதில் 140 தொகுதி. இரண்டும் நடக்கவில்லை. இனி இப்படி ஒரு யோசனை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, தொகுதியில் வென்றதை மொத்தப் பங்கில் கழித்துவிட்டுப் பட்டியல் ஆசனம் கொடுக்கிறார்களா, அல்லது தொகுதி தனி, பட்டியல் தனி என்று கொடுக்கிறார்களா என்பதைத்தான். கழித்தால் அது விகிதாசாரம். கழிக்காவிட்டால் பெரிய கட்சிக்கு இரண்டு முறை பங்கு. உள்ளூராட்சியில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல் என்று பிரித்து, கழிக்கும் முறைதான் 2018இல் வந்தது. அதில் உறுப்பினர் தொகை சுமார் 4,500இலிருந்து 8,000ஐத் தாண்டியதும், பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனதும் உண்மை. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்ததும் அதே உள்ளூராட்சித் தேர்தல் சட்டத் திருத்தங்களால்தான். பாராளுமன்றத்தில் அப்படி ஓர் ஒதுக்கீடு இல்லை. பெண்கள் இன்னும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாவது கேள்வி, புதிய முறை முழுமையடையும்வரை பழைய சட்டம் உயிரோடு இருக்குமா? மாகாண சபைக்கு நடந்ததைப் பாருங்கள். 2017இன் 17ஆம் இலக்கச் சட்டம் பாதித் தொகுதி, பாதி விகிதாசாரம் என்று பழைய முறையை நீக்கியது. தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை, எதிராக 139. மீளாய்வும் முடியவில்லை. புதிய முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர்தான். பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தாமல் பழைய முறையில் தேர்தல் வைக்க இடமில்லை என்று 2019இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பாராளுமன்றத் தேர்தல் விதிகள் அரசியலமைப்புக்குள்ளேயே இருப்பதால் மாற்றத்துக்கு 150 வாக்கு வேண்டும். போனஸ் ஆசனத்தை நீக்க எந்த எல்லையும் வரையத் தேவையில்லை, எந்த ஆணைக்குழுவும் தேவையில்லை. 99ஆம் உறுப்புரையில் போனஸ் ஆசனம் தரும் பந்தியை நீக்கி, ஆசன எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கச் சொல்லும் சொற்களை எடுத்தால் போதும். வெட்டுப்புள்ளியை ஏற்கெனவே ஒருமுறை, 1988 டிசம்பரில், பன்னிரண்டரை வீதத்திலிருந்து 5க்கு 15ஆம் திருத்தம் இறக்கியிருக்கிறது. பெரிய சீர்திருத்தம் வரும்வரை இந்த இரண்டையும் தனியாகக் கேட்கலாம். அடுத்த தேர்தலுக்கு முன்பே செய்து முடிக்கக்கூடியவை இவை.